கோயில் டியூப்லைட்டும் மிசிசிப்பிச் சாலைப் பலகையும்

கோயில் மண்டபத்தில் தொங்கும் டியூப்லைட்டை அண்ணாந்து பாருங்கள். வெளிச்சம் வருகிறதோ இல்லையோ, "உபயம்: இன்னார், இன்ன ஊர்" என்ற எழுத்து பளிச்சென்று தெரியும். அமெரிக்கத் தென் மாநிலங்களில், பருத்திக் காட்டுக்கும் பைன் மரங்களுக்கும் நடுவே போகும் சாலைகளில் நிற்கும் வரலாற்றுப் பலகைகளைப் புரிந்துகொள்ள அந்த டியூப்லைட்டிலிருந்து தொடங்கலாம். அங்கேயும் கடைசி வரி உபயம்தான்: யார் வைத்தது, எந்த ஆண்டு வைத்தது.

இந்தப் பலகைகளைப் பற்றிப் பொதுவாக மூன்று விஷயங்களைச் சொல்வார்கள். அரசாங்கம் வைத்தது, அதனால் அதில் இருப்பது சரிபார்த்த உண்மை. பலகை நிற்கும் இடத்தில்தான் சம்பவம் நடந்தது. பலகை இருந்தால் அந்த இடத்தைச் சட்டம் காப்பாற்றும், யாரும் கை வைக்க முடியாது. மூன்றையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஏன் என்று பார்க்க, மிசிசிப்பி மாநிலத்தின் டாலஹாட்சி கவுன்ட்டியை முக்கிய உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

கவுன்ட்டி என்பது மாநிலத்துக்குக் கீழே உள்ள நிர்வாகப் பிரிவு. நம்மூர் மாவட்டம் போன்றது என்றாலும் அளவில் பல மடங்கு சிறியது. மிசிசிப்பியில் மட்டும் 82 கவுன்ட்டிகள். டாலஹாட்சியின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் சுமார் 12,700. நம் பேரூராட்சிகள் பலவற்றில் இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். ஆனாலும் அந்தக் கவுன்ட்டிக்குச் சார்லஸ்டன், சம்னர் என்று இரண்டு தலைமையூர்கள், இரண்டு நீதிமன்றங்கள். சம்னர் நீதிமன்றத்தின் கதை பிறகு வரும்.

கார் வந்தபின் வந்த பலகை

வர்ஜீனியா மாநிலம் 1927-இல் சாலையோர வரலாற்றுப் பலகைத் திட்டத்தைத் தொடங்கியது. அப்போதுதான் நடுத்தரக் குடும்பங்கள் கார் வாங்கி ஊர் சுற்ற ஆரம்பித்திருந்தன. வழியில் நிற்க வைத்தால் உள்ளூரில் சாப்பிடுவார்கள், பெட்ரோல் போடுவார்கள், தங்குவார்கள். சுற்றுலா வருமானமும் வரலாற்று ஆர்வமும் சேர்ந்து பிறந்த பிள்ளைதான் இந்தப் பலகை. பிறகு வட கரோலினா 1935-இலும், தென் கரோலினா 1936-இலும், மிசிசிப்பி 1949-இலும் இறங்கின. ஜார்ஜியா 1950-களில் வந்தது.

காருக்காக வந்த பலகையைக் காரில் போகிறவர் படிக்க முடியுமா? ஒரு சின்னக் கணக்கு. சாலைப் பலகை விதிப்படி, ஓர் அங்குல உயர எழுத்தைச் சுமார் 30 அடியிலிருந்து, அதாவது 9 மீட்டரிலிருந்து, தெளிவாகப் படிக்கலாம். வரலாற்றுப் பலகையின் உள் எழுத்து பெரும்பாலும் அந்த அளவுதான். கிராமப்புற நெடுஞ்சாலையில் வேகம் மணிக்கு 55 மைல் என்றால் நொடிக்கு 24 மீட்டர். ஆக, படிக்கக் கிடைப்பது அரை நொடிகூட இல்லை. நூறு சொல்லைப் படிக்க அரை நிமிடமாவது வேண்டும்.

இதற்கு இரண்டு வழி உண்டு. வட கரோலினா தலைப்பைப் பெரிதாக்கி, கீழே நாலைந்து குறுவரிகளோடு நிறுத்திக்கொண்டது. மற்ற மாநிலங்கள் நீளமாக எழுதி, வண்டியை ஓரங்கட்ட இடமிருக்கும் பக்கமாகப் பலகையை நட்டன. இரண்டாவது வழியின் விளைவு முக்கியமானது. பலகை எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பாதி நேரம் முடிவு செய்தது வண்டி நிறுத்தும் வசதி. வரலாற்றுக்கு அதில் பங்கு குறைவு.

விண்ணப்பத்திலிருந்து வார்ப்பு வரை

அரசாங்க அதிகாரி ஒருவர் வரலாற்றுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கவுன்ட்டி கவுன்ட்டியாகப் பலகை நடுகிறார் என்று நினைக்க வேண்டாம். யாராவது கேட்டால்தான் பலகை வரும். கேட்பவர் ஒரு தேவாலயமாக இருக்கலாம், பள்ளியின் பழைய மாணவர் சங்கமாக இருக்கலாம், ஒரு குடும்பமாகக்கூட இருக்கலாம்.

டெக்சஸ் நடைமுறையைப் பார்த்தால் வழி தெளிவாகத் தெரியும். அங்கே ஒவ்வொரு கவுன்ட்டியிலும் வரலாற்றுக் குழு ஒன்று அமைக்கலாம், தன்னார்வலர்கள்தான் நடத்துவார்கள். விண்ணப்பதாரர் ஐந்து முதல் பத்துப் பக்கம் வரை ஆதாரக் குறிப்புகளோடு வரலாறு எழுதி அந்தக் குழுவிடம் கொடுக்க வேண்டும். குழு ஒப்புக்கொண்டால் மாநில ஆணையத்துக்குப் போகும். பொதுவாக விஷயத்துக்கு 50 வயதாகியிருக்க வேண்டும். வரலாற்று நிகழ்ச்சிக்கு 30 ஆண்டு போதும். தனி மனிதரானால் இறந்து 10 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். பழைய ஓலை என்றால் பத்திரம், நேற்று எழுதியது என்றால் தகராறு என்று பத்திரப்பதிவு அலுவலகத்தில் சொல்வதில்லையா, அதே எச்சரிக்கைதான் இதுவும்.

பத்துப் பக்கம் எழுதிக் கொடுத்ததை மாநில ஆட்கள் நூறு சொல் அளவுக்குச் சுருக்குவார்கள். வர்ஜீனியாவில் அளவே சுமார் நூறு சொல்தான். எது தங்கும், எது போகும் என்ற முடிவு இந்த இடத்தில்தான் நடக்கிறது. பலகையைப் படிப்பவர் கண்ணுக்கு அது தெரியாது.

வாசகம் முடிவானதும் வார்ப்படம். தென் மாநிலங்களில் நிற்கும் பலகைகளில் ஏராளமானவை ஒஹையோ மாநிலத்து மரியட்டாவில் 1927-இலிருந்து இயங்கும் செவா ஸ்டூடியோஸ் பவுண்டரியில் பிறந்தவை. (நிறுவனர் ஹாஸின் பெயரை ஆங்கிலத்தில் பின்னாலிருந்து எழுதினால் 'செவா'. தொண்டு என்ற பொருள் தேடிப் போக வேண்டாம்.) வேலை கோயம்புத்தூர் பவுண்டரியில் பம்பு உறை வார்ப்பது போலத்தான். ஒரு தட்டில் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொருத்தி, அதை மணலில் அழுத்தி எடுப்பார்கள். மணலில் பதிந்த குழியில் உருகிய அலுமினியத்தை ஊற்றுவார்கள். ஆறியபின் எழுத்துகள் மேலெழும்பி நிற்கும் தகடு வரும். முழுத் தகட்டுக்கும் ஒரு நிறம் அடித்துக் காயவிட்டு, மேலெழும்பிய எழுத்துகளின் தலையில் மட்டும் ரோலரால் இன்னொரு நிறம் ஏற்றுவார்கள்.

எழுத்தும் தகடும் ஒரே உலோகத் துண்டு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு தப்பாகிவிட்டால், பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போனால், அழித்து எழுத வழியில்லை. முழுத் தகட்டையும் மறுபடி வார்க்க வேண்டும். அதற்குச் சில ஆயிரம் டாலர் ஆகும். தப்பு என்று எல்லோருக்கும் தெரிந்த பின்னும் பல பலகைகள் பத்து, இருபது ஆண்டு அப்படியே நிற்பதற்குப் பிடிவாதத்தைவிடப் பெரிய காரணம் இந்தச் செலவுதான்.

பணம் யார் தருகிறார்கள்? வட கரோலினாவில் மாநிலமே செலவை ஏற்கிறது. பேராசிரியர்கள் குழு தலைப்பைத் தேர்ந்தெடுக்கிறது. வேறு பல மாநிலங்களில் கேட்டவர்தான் கட்ட வேண்டும். ஜார்ஜியாவில் 1998-இலிருந்து இந்த வேலையை நடத்துவது ஜார்ஜியா வரலாற்றுச் சங்கம் என்ற தனி அமைப்பு. போதாததற்கு, சொந்த நிலத்தில் யாரும் தன் காசில் ஒன்றை வார்த்து நட்டுக்கொள்ளலாம்; அதுவும் பார்வைக்கு அரசுப் பலகை மாதிரியேதான் இருக்கும்.

இதுவரை பார்த்ததில் பிடித்துக்கொள்ள வேண்டியது: பலகை என்பது ஒருவர் கேட்டு, ஒருவர் பணம் கட்டி, ஒரு குழு சுருக்கி, உலோகத்தில் உறைந்துபோன நூறு சொல். அதனால் மேலே உள்ள முத்திரைக்கு முன் கீழே உள்ள உபய வரியைப் படியுங்கள்.

சம்னர் நீதிமன்ற வாசலில்

டாலஹாட்சி கவுன்ட்டியின் சம்னர் நீதிமன்ற வளாகத்தில் 1913-இல் வைத்த கூட்டமைப்புப் படைவீரன் சிலை ஒன்று உண்டு. கூட்டமைப்பு என்பது 1861 முதல் 1865 வரை, அடிமை முறையைக் காக்க அமெரிக்காவிலிருந்து பிரிந்து போரிட்ட தென் மாநிலங்களின் அணி. அதே வளாகத்தில் மாநில ஆவணக் காப்பகத் துறையின் பச்சைப் பலகை ஒன்று 2007-இல் வந்தது. இரண்டுக்கும் இடையே 94 ஆண்டு.

பச்சைப் பலகை சொல்வது இதுதான். 1955 ஆகஸ்டில் சிகாகோவைச் சேர்ந்த 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மட் டில்லின் உடல் டாலஹாட்சி ஆற்றில் கிடைத்தது. செப்டம்பர் 23-ஆம் தேதி, இந்த நீதிமன்றத்தில் ஐந்து நாள் நடந்த வழக்கின் முடிவில், வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி, ராய் பிரையன்ட், ஜே. டபிள்யூ. மைலம் என்ற இரண்டு வெள்ளையர்களை விடுதலை செய்தது. பிறகு ஒரு பத்திரிகைப் பேட்டியில் இருவரும் கொலையை ஒப்புக்கொண்டார்கள். இது உலகத்தின் கவனத்தை ஈர்த்து, கறுப்பின மக்களின் சம உரிமைக்கான சிவில் உரிமை இயக்கத்துக்கு வேகம் கொடுத்தது.

ஆங்கிலத்தில் எண்பது சொல்லுக்குப் பக்கம். இந்த அளவுக்குள் இதைவிட நேர்மையாக எழுதுவது கடினம். 'வெள்ளையர் மட்டுமே இருந்த' என்ற சொற்கள் உள்ளே வந்துவிட்டன, விடுதலையானவர்களின் பெயர்கள் வந்துவிட்டன, ஒப்புதலும் வந்துவிட்டது. ஆனால் வெளியே நின்றுபோனதையும் பாருங்கள். ஜூரி எடுத்துக்கொண்ட நேரம் 67 நிமிடம். ஒப்புக்கொண்ட பின்னும் ஏன் தண்டனை இல்லை? ஒருமுறை விடுதலையானவரை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க அமெரிக்க அரசியலமைப்பு விடாது; அந்தத் தைரியத்தில்தான் பேட்டி கொடுத்தார்கள், அதற்குப் பணமும் வாங்கினார்கள். சிறுவனின் பெரிய தாத்தா முறையான மோஸ் ரைட், நீதிமன்றத்தில் எழுந்து நின்று, அன்றிரவு வீட்டுக்கு வந்தவர்களை அடையாளம் காட்டியதும் பலகையில் இல்லை. பலகை பொய் சொல்லவில்லை. அதில் இடம் இல்லை, அவ்வளவுதான்.

பலகை இங்கே, சம்பவம் எங்கே?

எம்மட் டில்லை நள்ளிரவில் இழுத்துப் போனது லெஃப்லோர் கவுன்ட்டியின் மனி என்ற சிற்றூர்ப் பக்கம். அடித்துச் சித்திரவதை செய்தது சன்ஃபிளவர் கவுன்ட்டியில் ட்ரூ ஊருக்கு அருகே ஒரு கொட்டகையில். உடல் கிடைத்தது டாலஹாட்சியில் என்று கணக்கு வைத்ததால் வழக்கு சம்னருக்கு வந்தது. ஒரே கொலை, மூன்று கவுன்ட்டி. ஒரு கவுன்ட்டிப் பலகையை மட்டும் படித்துவிட்டுப் போகிறவருக்குக் கதையில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும்.

உடல் ஆற்றில் சரியாக எங்கே கிடைத்தது என்பதிலும் கருத்து ஒன்றில்லை. கிளெண்டோராவுக்கு அருகே கிராபால் லேண்டிங் என்ற பழைய படகுத்துறையில் நினைவுப் பலகை நிற்கிறது. அதுதான் இடமா என்று ஆய்வாளர்கள் சந்தேகப்படுகிறார்கள். சம்னர்ப் பலகை 'டாலஹாட்சி ஆற்றில்' என்பதோடு நிறுத்திக்கொண்டது புத்திசாலித்தனம்.

இது தவிர, இடம் நகர்வதற்குச் சாதாரணக் காரணங்களும் உண்டு. சம்பவ இடம் தனியார் நிலமாக இருக்கும், சொந்தக்காரர் விட மாட்டார். அப்போது பலகை சாலைப் புறம்போக்கில், அதாவது சாலையின் இருபுறமும் நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தமான பட்டையில், நிற்கும். அதற்கு அந்தத் துறை அனுமதி வேண்டும். வளைவில் வைக்கக் கூடாது, மின்கம்பியும் குழாயும் போகும் இடத்தில் குழி தோண்டக் கூடாது. இதனால்தான் பல பலகைகளில் 'இங்கிருந்து வடக்கே இரண்டு மைல்' என்ற மாதிரி வரி இருக்கிறது. அந்த வரியைத் தவறவிட்டவர்கள்தான் சோளக்காட்டில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

செய்தவர் இல்லாத வினை

பிழை எப்போதும் ஆண்டிலும் பெயரிலும் இருக்காது, வினைச்சொல்லிலும் இருக்கும். லூசியானா மாநிலத்தின் கிராண்ட் பாரிஷில் கொல்ஃபாக்ஸ் என்ற சிற்றூர். (லூசியானாவில் மட்டும் கவுன்ட்டிக்குப் 'பாரிஷ்' என்று பெயர்.) அங்கே நீதிமன்றத்துக்கு அருகே மாநில வணிகத் துறை 1950-இல் ஒரு பலகை வைத்தது. அதன் சாரம்: இந்த இடத்தில் 'கொல்ஃபாக்ஸ் கலவரம்' நடந்தது, மூன்று வெள்ளையரும் 150 நீக்ரோக்களும் கொல்லப்பட்டனர், 1873 ஏப்ரல் 13 நிகழ்ந்த இது, தெற்கில் வந்தேறிகளின் தவறான ஆட்சிக்கு முடிவு கட்டியது.

'கொல்லப்பட்டனர்.' இலக்கண வகுப்பில் செயப்பாட்டுவினை என்று படித்தோமே, அது. கொன்றது யார்? வாக்கியத்தில் இல்லை. 3-க்கு 150 என்ற விகிதத்தைப் பார்த்தாலே அது இரு தரப்புக் கலவரம் இல்லை, படுகொலை என்று தெரிகிறது. சரணடைந்தவர்களையும் சுட்டுக் கொன்றார்கள். 'தவறான ஆட்சி' என்று பலகை திட்டுவது, உள்நாட்டுப் போருக்குப் பின் 1865 முதல் 1877 வரை, விடுதலையான கறுப்பின மக்கள் வாக்களித்துப் பதவிக்கு வந்த மறுகட்டமைப்புக் காலத்தை. 150 என்ற எண்கூட உறுதியானதல்ல. மதிப்பீடுகள் அறுபது சொச்சத்திலிருந்து நூற்றைம்பது வரை போகின்றன.

அந்தப் பலகை எழுபது ஆண்டு நின்று, 2021 மே மாதம் அகற்றப்பட்டது. உபய வரியில் ஆண்டைப் பார்ப்பது இதற்காகத்தான். 1950 என்றால் பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டப்படி இருந்த காலம். அந்த வாக்கியம் 1873-ஐப் பற்றிச் சொல்வதைவிட 1950-ஐப் பற்றி அதிகம் சொல்கிறது.

சுருக்கிச் சொன்னால், பலகையைப் படிக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். எந்த ஆண்டு எழுதியது? வினையைச் செய்தது யார் என்று வாக்கியத்தில் இருக்கிறதா? அம்புக்குறியோ தூரமோ இருக்கிறதா?

பலகையும் பட்டாவும் வேறு

நம்மூரில் தொல்லியல் துறையின் நீலப் பலகையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே குழப்பம் வரும். மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் கட்டத் தடை. அந்தப் பலகை சட்டத்தின் வாய். அமெரிக்கச் சாலையோரப் பலகைக்குப் பெரும்பாலும் அந்த அதிகாரம் இல்லை. பலகைக்குப் பின்னால் இருக்கும் பழைய வீட்டைச் சொந்தக்காரர் நாளைக்கே இடிக்கலாம். பலகை மட்டும் 'இங்கே ஒரு வீடு இருந்தது' என்று நின்றுகொண்டிருக்கும்.

வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேடு என்பது வேறு. 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த பட்டியல் அது. அதில் இடம் பெற்றாலும், தனியார் தன் பணத்தில் செய்யும் மாற்றத்தைப் பட்டியல் மட்டும் தடுக்காது. மத்திய அரசின் பணமோ அனுமதியோ கலந்தால்தான் ஆய்வு கட்டாயம். பதிவேட்டைக் குறிக்கும் வெண்கலத் தகடு பல வீடுகளின் சுவரில் இருக்கும். அதை அரசு தருவதில்லை, சொந்தக்காரர் காசு கொடுத்துச் செய்துகொள்வது. டெக்சஸில் ஒரு விதிவிலக்கு உண்டு: 'பதிவு பெற்ற டெக்சஸ் வரலாற்றுச் சின்னம்' என்ற தகுதி உள்ள கட்டடத்தின் வெளிப்புறத்தை மாற்றும் முன் 60 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அது காத்திருக்கச் சொல்கிறது, நிரந்தரமாகத் தடுப்பதில்லை.

எது, எப்படிக் கெடுகிறது

வார்த்த அலுமினியம் துருப்பிடிக்காது. ஆனால் வளையாது, உடையும். புல்வெட்டும் டிராக்டர் இடித்தால் மூலை தெறிக்கும். கார் மோதினால் கம்பத்தோடு போகும். சாலை அகலப்படுத்தும்போது கழற்றிக் கிடங்கில் போட்டுவிட்டுத் திரும்ப வைக்க மறப்பது இன்னொரு வகை. கண் முன்னே உடைவதைவிட இப்படிக் காணாமல் போவதைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம்.

நிறம் வெளுப்பதைத் தன்னார்வலர்களே சரி செய்யலாம், ஆனால் முதலில் பலகையை வைத்த அமைப்பின் அனுமதி வேண்டும். மிதமான சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். கம்பி பிரஷ் கூடாது, கீறல் விழும். உரிந்த இடத்தை மணல்தாளால் தேய்த்து, அலுமினியத்துக்கான பிரைமர் பூசி, பின்னணி நிறத்தை இரண்டு முறை அடித்து நன்றாகக் காயவிட வேண்டும். பிறகு சின்ன ஃபோம் ரோலரில் பெயின்டைத் தொட்டு, பழைய அட்டையில் உருட்டி முக்கால் பங்கை எடுத்துவிட்டு, எழுத்துகளின் மேல் லேசாக ஓட்ட வேண்டும். பெயின்ட் அதிகமானால் எழுத்தின் பக்கவாட்டில் வழிந்து பள்ளத்தை நிரப்பும். அப்புறம் 8-க்கும் 3-க்கும் வித்தியாசம் தெரியாது.

சிவில் உரிமை இயக்கத்தோடு தொடர்புள்ள இடங்களைக் குறிக்கும் மிசிசிப்பி சுதந்திரப் பாதைப் பலகைகள் வேறு வகை. முன்பக்கம் வார்த்த எழுத்து, பின்பக்கம் படங்களோடு அச்சடித்த வினைல் தாள். மனி ஊரில் எம்மட் டில் போன கடையின் முன்னே 2011-இல் வைத்த பலகையை 2017-இல் முதலில் கீறினார்கள், அடுத்த மாதம் வினைலை உரித்தே போட்டார்கள். வார்ப்பில் படம் போட முடியாது, வினைலில் போடலாம். ஆனால் அதை உரிக்க நகமும் கத்தியும் போதும்.

கிராபால் லேண்டிங் கதை இன்னும் நீளம். கவுன்ட்டி வாரியத் தலைவராக இருந்த ஜெரோம் லிட்டில் முயற்சியில் அமைந்த எம்மட் டில் நினைவுக் குழு 2008-இல் அங்கே முதல் பலகையை வைத்தது. அதைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டாவது பலகையில் காலப்போக்கில் 317 துப்பாக்கிக் குண்டுத் துளைகள். மூன்றாவது 2018 ஜூனில் வந்தது. 35 நாளில் சுட்டார்கள். சாதாரணத் தகட்டைத் திரும்பத் திரும்ப வைப்பதில் அர்த்தமில்லை என்று, 2019 அக்டோபரில் அரை அங்குலக் கனமுள்ள ஏஆர்500 எஃகில் நான்காவதை நட்டார்கள். துப்பாக்கிப் பயிற்சித் திடல்களில் இலக்குத் தகடு செய்யும் கடினப்படுத்திய எஃகு அது. எடை 500 பவுண்டு, கிட்டத்தட்ட 227 கிலோ. எடையும் ஒரு பாதுகாப்புதான். ஒருவர் தோளில் போட்டுக்கொண்டு போக முடியாது. அந்தப் பலகை தனக்கு முன்னால் நின்ற பலகைகள் திருடுபோனதையும் சுடப்பட்டதையும் வாசகத்திலேயே சேர்த்துக்கொண்டது.

2023 ஜூலை 25-இல் இந்தப் படகுத்துறையும் சம்னர் நீதிமன்றமும் சிகாகோவில் இறுதிச் சடங்கு நடந்த தேவாலயமும் சேர்ந்து தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டன. அதன்பிறகுதான், பலகையால் வராத சட்டப் பாதுகாப்பு அந்த ஆற்றங்கரைக்கு வந்தது. 317 துளை விழுந்த பழைய தகட்டை வாஷிங்டனில் உள்ள அமெரிக்க வரலாற்று தேசிய அருங்காட்சியகம் 2021-இல் காட்சிக்கு வைத்தது. துளைகளை அடைக்கவில்லை.